ஏழாம் எண்காரரைப் பாருங்கள், மாமா

ஆஸ்டின்,
7.1.2006

அன்புள்ள மாமாவுக்கு,

மூட்டுவலி இப்போது தேவலாம் என்று போனவாரம் அத்தை போனில் சொன்னார்கள். எண்ணெய் தேய்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மூன்று நாளாக உங்களுக்கு எழுத வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டே இருக்கிறது. புதன்கிழமை ராத்திரி எங்கள் பல்கலைக்கழக அணி கல்லூரி ஃபுட்பாலில் தேசிய சாம்பியன் ஆகிவிட்டது. கலிபோர்னியாவில் பாசடீனா ஊரில் ரோஸ் பவுல் மைதானம். எதிரில் தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம். 41-38. வெறும் 3 புள்ளி வித்தியாசம். ஆட்டம் முடிய 19 விநாடி இருக்கும்போதுதான் நம் கை மேலே வந்தது.

இங்கே ஃபுட்பால் என்றால் காலால் உதைத்து ஆடுவது இல்லை, மாமா. முட்டை மாதிரி ஒரு பந்து. அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், இல்லையென்றால் எறிவார்கள். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு. அதற்குள் 10 கஜம் முன்னேறிவிட்டால் மறுபடியும் நாலு வாய்ப்பு கிடைக்கும். முடியாமல் போனால் பந்து எதிரணிக்கு. கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச் டவுன், 6 புள்ளி. அதன்பிறகு கம்பத்துக்கு நடுவே உதைத்தால் இன்னும் ஒன்று; உதைக்காமல் மறுபடி ஒருதரம் உள்ளே கொண்டுபோனால் இரண்டு. எட்டாத தூரத்தில் நின்றுவிட்டால் அங்கிருந்தே கம்பத்துக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுக்கலாம். இவ்வளவு தெரிந்தால் போதும். மிச்சமெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கபடிதான்.

விடுமுறை என்பதால் எங்கள் குடியிருப்பில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. கீழ்வீட்டுத் தாத்தா என்னைக் கூப்பிட்டு அவர் வீட்டில் உட்கார வைத்துக்கொண்டார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். 1963-ல் டெக்சாஸ் முதல்முறையாக தேசிய சாம்பியன் ஆனபோது அவர் இளைஞர். 1969, 1970 இரண்டையும் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு 35 வருடம் காத்திருந்தவர். அன்றைக்கு ஆரஞ்சு நிறத் தொப்பி போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

எதிரணி சாதாரண அணி இல்லை. தொடர்ந்து 34 ஆட்டம் தோற்காதவர்கள். நாட்டிலேயே சிறந்த கல்லூரி வீரருக்குக் கொடுக்கும் ஹெய்ஸ்மன் பரிசு வாங்கிய இரண்டு பேர் ஒரே அணியில். 2004-ல் வாங்கிய மேட் லைனார்ட் பந்தை எறிகிறவர். போன மாதம் வாங்கிய ரெஜி புஷ் ஓடுகிறவர். அந்தப் பரிசுக்கு இரண்டாவதாக வந்தவர் நம் ஆள் வின்ஸ் யங். ஹியூஸ்டன் பிள்ளை. 10ஆம் எண். குவார்ட்டர்பேக் என்பார்கள்; பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும், எறிவதா ஓடுவதா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கவாட்டில் எறிகிறார், எறிகிற விதம் சரியில்லை என்று இங்கே அவரைப் பற்றிப் பேசாதவர் இல்லை. அதே கையால் புதன்கிழமை 40 எறிந்தார், 30 போய்ச் சேர்ந்தது. 267 கஜம். அது போதாதென்று தானே ஓடி 200 கஜம், மூன்று டச் டவுன். அணி மொத்தமும் சேர்ந்து முன்னேறியது 556 கஜம். அதில் 467 இவர் ஒருவர் கணக்கு.

அவர் ஓடுவதை நீங்கள் பார்க்க வேண்டும், மாமா. ஆறடி ஐந்து அங்குலம். அவ்வளவு உயரமான ஆள் ஓடினால் அவசரமாக ஓடுவது போலவே தெரிவதில்லை. பக்கத்தில் வருகிறவன் தலைதெறிக்க ஓடுகிறான், இவர் நடையை எட்டிப் போட்டது மாதிரி இருக்கிறது, ஆனால் இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. பாடி வருகிறவன் கோட்டை விட்டு வெளியே வந்ததுமே அவன் எந்தப் பக்கம் சாய்வான் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும் என்பீர்களே, அந்தக் கணக்கு இவரிடம் செல்லாது. கடைசி வரைக்கும் எந்தப் பக்கமும் சாயாமல் வருகிறார்.

பேப்பரெல்லாம் அவர் படம்தான். நியாயம்தான், நானும் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். ஆனால் நான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தது இன்னும் இரண்டு பேருக்காக.

ஒருவர் டேவிட் தாமஸ். இவர் ஆடும் இடத்துக்கு டைட் எண்ட் என்று பேர். வரிசை ஓரத்தில் நின்று பாதி நேரம் எதிராளியை நெஞ்சால் முட்டித் தடுக்க வேண்டும், மீதி நேரம் நழுவி ஓடிப் பந்தைப் பிடிக்க வேண்டும். முட்டினால் யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அன்றைக்கு 10 பந்து பிடித்தார், 88 கஜம். பிடிக்கும்போதெல்லாம் ஐந்து கஜம், எட்டு கஜம், பத்து கஜம் என்று சின்னச் சின்னதாகத்தான். ஆனால் வின்ஸ் யங்குக்கு வேறு வழி அடைபட்டபோதெல்லாம் இவர் ஒரு திறந்த இடத்தில் திரும்பி நின்றுகொண்டிருந்தார். முதுகில் அடி விழப்போகிறது என்று தெரிந்தும் பந்திலிருந்து கண்ணை எடுக்காமல் பிடிப்பார். விழுந்து எழுந்ததும் பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு இடத்துக்குப் போய்விடுவார். அவர் பிடிக்கும்போதெல்லாம் தாத்தா “நல்லது” என்று மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார். பத்துத் தடவையும் சொன்னார்.

இன்னொருவர் மைக்கேல் ஹஃப். 7ஆம் எண். தடுக்கிற பக்கத்தில் கடைசி வரிசைக்காரர். இவரைப் பற்றிச் சொல்வதற்கு ஆட்டத்தின் போக்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இடைவேளையில் நாம் 16-10 என்று முன்னால் இருந்தோம். அதற்கு ஒரு காரணம் ரெஜி புஷ் செய்த ஒரு பிழை. பந்தைப் பிடித்து வெகுதூரம் ஓடிவந்தவர், பிடிபடப் போகிற நேரத்தில் பக்கத்தில் வந்த தன் ஆளுக்குத் தூக்கிப் போட்டார். அவன் எதிர்பார்க்கவில்லை. பந்து தரையில் உருண்டது. விழுந்து அமுக்கியவர் இந்த ஹஃப்தான். நியாயமாகச் சொன்னால் நமக்கும் ஒன்று சாதகமாகப் போயிற்று: நம் முதல் டச் டவுனில் பந்தைப் பக்கத்துக்குத் தள்ளிவிடுமுன் வின்ஸ் யங்கின் முழங்கால் தரையில் பட்டுவிட்டது (பட்டால் ஓட்டம் அங்கேயே முடிந்தது என்று கணக்கு), மறுஒளிபரப்பில் தெளிவாகத் தெரிந்தது. தாத்தாவே “முழங்கால் பட்டது” என்று ஒப்புக்கொண்டார். அதையும் சொல்லாமல் வெற்றியை மட்டும் எழுதினால் உங்களிடம் பொய் சொன்னதாகிவிடும்.

இடைவேளைக்குப் பிறகு லெண்டேல் வைட் என்று ஒரு கட்டுமஸ்தான ஆள் நம் வரிசையை உடைத்துக்கொண்டு வந்துகொண்டே இருந்தார். மொத்தம் 124 கஜம், மூன்று டச் டவுன். புஷ் 26 கஜம் ஓடி ஒன்று போட்டார். ஆட்டம் முடிய 6 நிமிடம் 42 விநாடி இருக்கும்போது 38-26. 12 புள்ளி பின்னால். தாத்தாவின் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். நானும் மனசுக்குள் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

வின்ஸ் யங் 17 கஜம் ஓடி ஒன்று போட்டார். 38-33. இன்னும் 4 நிமிடம். பந்து அவர்களிடம். கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறிக் கடிகாரத்தை ஓட்டிவிட்டால் ஜெயித்துவிடுவார்கள். அப்படித்தான் வந்தார்கள். நம் 45 கஜக் கோட்டில் நாலாவது வாய்ப்பு, வேண்டியது 2 கஜம். இரண்டு நிமிடம் சொச்சம் மிச்சம். உதைத்துத் தூரத் தள்ளிவிட்டிருக்கலாம். அவர்கள் பயிற்சியாளர் பீட் கேரல் ஓடிப் பார்ப்பது என்று தீர்மானித்தார். இதற்காக அவரை இங்கே நிறையப் பேர் திட்டுகிறார்கள். நான் திட்ட மாட்டேன். இரண்டே கஜம் எடுத்தால் ஆட்டம் கையில். தள்ளிவிட்டால் வின்ஸ் யங்கிடம் பந்து. அன்றைக்கு அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்த யாரும் அவரிடம் பந்தைத் தர நினைக்க மாட்டார்கள். ரெஜி புஷ்ஷை அந்த வாய்ப்பில் களத்துக்கு வெளியே நிறுத்தியதுதான் எனக்குப் புரியவில்லை. அவர் உள்ளே நின்றிருந்தால் நம்மவர்களில் ஒருவராவது அவர் பக்கம் பார்த்திருப்பார்.

பந்து வைட்டிடம் போனது. ராத்திரி முழுக்க அவர் உடைத்த அதே நடுப்பக்கம். முன்வரிசைத் தடியர்கள் நாலைந்து பேர் தரையோடு தரையாக விழுந்து வழியை அடைத்தார்கள். ஒரே ஒரு சின்னச் சந்து திறந்தது. வைட் தோளைத் தாழ்த்தி அதில் நுழைந்தார். பின்னாலிருந்து ஹஃப் வந்தார், மாமா. காத்திருந்து வரவில்லை, பந்து கைமாறுமுன்பே காலெடுத்து வைத்துவிட்டார். வைட்டின் கனத்துக்கு ஹஃப் ஒரு ஈடே இல்லை. நெஞ்சுக்குப் போகாமல் கீழே இறங்கிக் கட்டிக்கொண்டார். அதற்குள் மற்றவர்களும் வந்து விழுந்தார்கள். குவியலைப் பிரித்து அளந்து பார்த்தால், வேண்டிய இடத்துக்கு இந்தப் பக்கமே நின்றுபோயிருந்தது.

எனக்கு அந்த இடத்தில் நீங்கள்தான் தெரிந்தீர்கள். நம்மூர் மாரியம்மன் திருவிழாவில் வடுவூர்க்காரர்களோடு கடைசி ஆட்டம். அந்த நெட்டை ஆள் போனஸ் எடுத்துத் திரும்பும்போது இடது கார்னரில் நின்ற நீங்கள் கணுக்காலில் விழுந்தீர்கள். அவன் உங்களையும் இழுத்துக்கொண்டு கோட்டுக்கு ஒரு சாண் வரைக்கும் போனான், நீங்கள் விடவில்லை. முழங்கை தோல் உரிந்து மண் ஒட்டியிருந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. மறுநாள் எல்லாரும் பாடிப் போய்ப் புள்ளி எடுத்தவர்களைப் பற்றித்தான் பேசினார்கள். நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குத்தான் அது இத்தனை வருடமாக உறுத்திக்கொண்டிருந்தது.

ஹஃப் எழுந்ததும் தாத்தா சத்தம் போடவில்லை. தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “இப்போது ஜெயித்துவிட்டோம்” என்றார். இன்னும் நாம் 5 புள்ளி பின்னால்தான். 2 நிமிடம் 9 விநாடி இருந்தது.

அதற்கப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். 56 கஜம் போக வேண்டும். நடுவில் ஒரு தடவை மாட்டிக்கொண்டோம். எதிராளி ஒருவர் நம் ஆளின் முகக் கம்பியைப் பிடித்து இழுத்ததற்குத் தண்டனையாக 5 கஜம் கிடைத்தது. பிரையன் கார்ட்டர் என்ற பையன் இரண்டு பந்து பிடித்தான். அப்புறம் கோட்டுக்கு 8 கஜத்தில் வந்து நின்றது. நாலாவது வாய்ப்பு. வேண்டியது 5 கஜம். வின்ஸ் யங் பந்தை வாங்கிப் பின்னால் போனார், எறிய ஆள் தேடினார், எல்லாரும் அடைபட்டிருந்தார்கள். வலது பக்கம் திரும்பினார். அவ்வளவுதான். மூலைக் கம்பம் வரைக்கும் நீண்ட எட்டு வைத்துப் போய்க்கொண்டே இருந்தார், யாராலும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. 19 விநாடி. பிறகு அந்த இரண்டு புள்ளியையும் அவரே ஓடி எடுத்தார். காகிதத் துகள் மழையாகக் கொட்ட, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவர் நின்ற படத்தைத்தான் எல்லாப் பேப்பரும் போட்டிருக்கிறது.

நான் வெளியே வந்து குவாடலூப் தெருவில் நடந்தேன். நடுநிசி. கார்களெல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டே போயின. முன்பின் தெரியாதவர்கள் வந்து கட்டிப்பிடித்தார்கள். பல்கலைக்கழகக் கோபுரம் 307 அடி உயரம், முழுக்க ஆரஞ்சு விளக்கு. ஜன்னல் விளக்குகளை வைத்தே பெரிதாக ‘1’ என்று எழுதியிருந்தார்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். ஊரில் எல்லாரும் இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது.

வின்ஸ் யங்குக்கு இன்னும் ஒரு வருடம் கல்லூரியில் ஆட இடமிருக்கிறது. அவர் இருப்பாரா, தொழில்முறை ஆட்டத்துக்குப் போவாரா என்பதுதான் இப்போது ஊர் முழுக்கப் பேச்சு. தாமஸும் ஹஃப்பும் கடைசி வருடக்காரர்கள். இந்தக் கல்லூரிச் சட்டையில் அவர்களுக்கு இதுதான் கடைசி ஆட்டம். அன்றைக்குத் தடுப்பு ஆட்டத்துக்கான சிறந்த வீரர் பரிசு ஹஃப்புக்குக் கொடுத்தார்கள். அதைக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே மனது நிறைந்துவிட்டது.

ஆட்டத்தை ஒரு நண்பன் பதிவு செய்து டிவிடியில் போட்டுத் தந்திருக்கிறான். பொங்கலுக்கு வந்து சேராது, மாசக் கடைசிக்குள் வந்துவிடும். தபாலில் வந்ததும் எதிர்வீட்டுப் பிள்ளைகளைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முழுவதும் பார்க்கப் பொறுமை இல்லாவிட்டால், ஸ்கோர் 38-33 என்று காட்டும் இடத்துக்கு ஓட்டச் சொல்லுங்கள். பந்தைப் பார்க்காதீர்கள் மாமா. வெள்ளைச் சட்டையில் 7ஆம் எண்ணை மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு, அவர் போட்டது நல்ல பிடியா இல்லையா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் அன்பு மருமகன்,
சின்னவன்