சூரனின் கழுத்து நிறம்

புடவைக் கடையில் மயில் கழுத்து நிறம் என்று கேட்டால் உடனே எடுத்துப் போடுவார்கள். அது நீலமா, பச்சையா என்று கேட்டால் மட்டும் விடை கிடைக்காது. கடைக்காரர் துணியை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிக் காட்டுவார், அவ்வளவுதான். பாவுக்கு ஒரு நிறமும் ஊடைக்கு வேறொரு நிறமும் கொடுத்து நெய்த துணி அது. மடிப்புக்கு மடிப்பு மாறும். நெசவாளருக்காவது இரண்டு நூல்கள் இருக்கின்றன. சுட்ட மண்ணில் செய்த ஒரு சிறு மயிலுக்கு அந்நிறத்தை எப்படிக் கொடுப்பது? இந்தக் கேள்வியோடு கறம்பக்குடி வீட்டுத் திண்ணையில் ஒரு புரட்டாசி மாதத்தின் பெரும்பகுதியைக் கழித்தோம்.

நாங்கள் என்பது அக்காளும் தம்பியும். ஒருவருக்குக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் பணி. மற்றவருக்கு வீடும் தென்னந்தோப்பும். மயில், அம்மாவின் கொலுப் பெட்டியில் இருந்த சூரசம்ஹாரத் தொகுதியைச் சேர்ந்தது. மயில்மீது வேலேந்திய முருகன், வீரபாகு, படைவீரர் நால்வர், சூரபத்மன், இரண்டாகப் பிளந்த மாமரம். வீரர்கள் நான்கு விரற்கடை உயரம்கூட இரார். எங்கள் சிறுவயதில் புதுக்கோட்டைக் கீழராஜ வீதியில் வாங்கியவை. நவராத்திரி முடிந்து மற்றப் பொம்மைகள் பெட்டிக்குள் போனபின்னும் இத்தொகுதி மட்டும் ஐப்பசி சஷ்டி வரையில் கூடத்து மாடத்தில் நிற்கும். சஷ்டியன்று மாலை அம்மா சூரனைப் படுக்க வைப்பார். அத்துடன் போர் முடியும்.

2018ஆம் ஆண்டில் சூரசம்ஹாரம் நவம்பர் 13 அன்று வந்தது. பொம்மைகளை எடுத்து வைக்க அம்மா நாள் பார்த்துக்கொண்டிருந்தார். 16ஆம் தேதி விடியுமுன் கஜா கரையேறியது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே புகுந்த காற்று எங்கள் பகுதியையும் மிதித்துக்கொண்டு மேற்கே போயிற்று. தோப்பில் தலைமுறை கண்ட தென்னைகள் சாய்ந்தன. கூடத்து ஓடுகள் பறந்து, மாடத்தின்மேல் மழை நேராகக் கொட்டியது. சுட்ட மண்ணாதலால் உருவங்கள் பிழைத்தன, வண்ணம் பிழைக்கவில்லை. மின்சாரம் வராத அந்த நாள்களில் ஓர் இரவு, சன்னலுக்கு அடித்து மிஞ்சியிருந்த நீல எனாமலை எடுத்து அம்மா மயிலின் கழுத்தில் பூசினார். அகல் வெளிச்சத்தில் பூசியது வழிந்து, மார்பில் ஒரு சொட்டாக உறைந்து நின்றது. தோப்பு போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர், மயிலைக் காட்டி, "வெறுங் கழுத்தா நிக்கிது, பாக்கச் சகிக்கலை" என்றார்.

அம்மா மறைந்த ஆண்டில் கொலு இல்லை. அடுத்த புரட்டாசியில் பெட்டியைத் திறந்தபோதுதான் எங்களுக்குள் பிணக்கு எழுந்தது. மயிலுக்கு முறையாக வண்ணம் தீட்ட வேண்டும் என்றார் ஒருவர். அது அம்மாவின் கை பட்டது, தொடக்கூடாது என்றார் மற்றவர். அம்மாவே பொறுக்கமாட்டாமல்தானே பூசினார், நன்றாகப் பூசினால் அவருக்கு ஆகாதா என்று முதலாமவர் கேட்டார். இரண்டு நாள் பேச்சு இல்லை. பிறகு, மயிலைத் தொடாமல் வேறெதிலாவது பூசிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. கஜாவில் உடைந்த ஓட்டுச் சில்லுகள் கொல்லையில் குவிந்து கிடந்தன. பயிற்சிக்கு அவை போதுமானவையாக இருந்தன.

முதற்சில்லில் நீலத்தையும் பச்சையையும் குழைத்துப் பூசினோம். பேருந்தின் பக்கவாட்டுப் போல இருந்தது. இரண்டாவதில், வெள்ளைப் பூச்சின்மேல், கடையில் முத்துப்பொடி என்று கொடுத்த மினுக்குத் தூளை வார்னிஷில் குழைத்துத் தடவினோம். நிறமே காணவில்லை, பால் படிந்தது போன்ற ஒரு மினுமினுப்பு மட்டும் மிஞ்சியது. புட்டியின் மேலோ நீலப்பச்சை என்று எழுதியிருந்தது.

வழி சொன்னவன் இங்கிலாந்தில் படிக்கும் அக்காள் மகன். அங்கே சிற்றுருவப் படைகளை மேசையில் அணிவகுத்துப் போர் நடத்தும் விளையாட்டு ஒன்று உண்டு. எச். ஜி. வெல்ஸ் 1913இல் இதற்கு விதிகள் வகுத்து ஒரு நூலே எழுதியிருக்கிறார். விரலளவுகூட இல்லாத அவ்வீரர்களின் கவசத்துக்கு வண்ணம் தீட்டுவதில் நாள்கணக்காக மூழ்கிக் கிடப்பவர்கள் அவனுடைய நண்பர்கள். "மாமா, முதல்ல கறுப்பு அடிங்க. கறுப்பு இல்லாம உலோக நிறம் எடுக்காது. அது காஞ்சப்புறம் வெள்ளி, அதுக்கு மேல தண்ணி மாதிரி நீலமும் பச்சையும்" என்றான். வெள்ளி வண்ணத்தில் அலுமினியச் செதில்கள் மீன்செதில் போலப் படுத்துக்கிடக்கும். மேலே விடும் நீர்த்த வண்ணம் பள்ளங்களில் தேங்கி இருளும், மேடுகளில் மெலிந்து மின்னும். கறுப்பின்மேல் மின்னலா என்று எங்களுக்கு ஐயம்.

ஐயத்தைத் தீர்த்தது அம்மாவின் பழைய பாடநூலுக்குள் இருந்த மயிற்பீலி. குட்டி போடும் என்று நம்பி வைத்தவர் யாரோ தெரியவில்லை. அதைத் திண்ணையில் வைத்துப் பார்த்தால் நீலமும் பச்சையும் ஒளிர்ந்தன. வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது வெறும் பழுப்பு. மயிலிறகில் நீலச் சாயமும் இல்லை, பச்சைச் சாயமும் இல்லை. இருப்பது மெலனின், நம் தலைமயிரைக் கறுப்பாக்கும் அதே பொருள். அது கண்ணுக்கெட்டாத நுண்கோல்களாகி, இறகிழைக்குள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கிறது. அவ்வரிசைகளில் பட்டு மீளும் ஒளியே நிறமாகிறது. சீன ஆய்வாளர்கள் 2003இல் அந்த இடைவெளியை அளந்து வெளியிட்டனர்: நீலத்துக்கு ஏறத்தாழ 140 நானோமீட்டர், பச்சைக்கு 150. இத்தனை சண்டைக்கும் காரணமான வேறுபாடு பத்தே நானோமீட்டர். இறகை நனைத்தால் நிறம் போய்விடுகிறது என்பதை ராபர்ட் ஹூக் 1665லேயே எழுதிவைத்தார். சாயமாயிருந்தால் நனைந்ததும் போகுமா?

முத்துப்பொடியின் சூட்சுமமும் அப்போது விளங்கிற்று. அது அப்பிரகத் தகடுகளின்மேல் டைட்டானியம் ஆக்சைடை மெல்லிய படலமாக ஏற்றிய தூள். படலத்தின் கனம் நிறத்தைத் தீர்மானிக்கும். வெள்ளைப் பரப்பு எல்லா ஒளியையும் திருப்பி அனுப்பி அந்நிறத்தை மூழ்கடித்துவிடுகிறது. கறுப்பு மிச்ச ஒளியை விழுங்கிக்கொள்கிறது. வேண்டிய நிறம் மட்டும் வெளியே வருகிறது. மூன்றாம் சில்லில் எனாமல் கறுப்பு அடித்து, காய்ந்தபின் தூளைப் பூசினோம். சில்லைச் சாய்த்தபோது, ஓடு உயிர்பெற்றதுபோல் நிறம் ஓடியது.

தமிழ் இந்த நிறத்துக்குத் தனிப்பெயர் வைக்காமல் போனது குறையென்று முன்பு நினைத்ததுண்டு. திருமாலை நீலமேனியன் என்றும் பச்சைமேனியன் என்றும் கருமேனியன் என்றும் தயங்காமல் சொல்லும் மொழி இது. செம்பிலிருந்து வரும் நீல உப்புக்கு மருத்துவர்கள் இட்ட பெயர் மயில்துத்தம். சங்கப் புலவர்கள் காயா பூத்த கிளையை மயிலின் கழுத்துக்கு ஒப்பிட்டார்கள். காசா என்று மக்கள் சொல்லும் அம்மரம் இன்றும் எங்கள் மாவட்டத்து அய்யனார் காடுகளில் நிற்கிறது. பெட்டியின் அடியில் ஓர் அம்மன் காசும் கிடந்தது. சமஸ்தான காலத்தில், நவராத்திரியில் அரிசியோடு கொடுக்கப்பட்ட சிறு செப்புக்காசு; பாட்டி வாங்கிவந்தது என்பார் அம்மா. அதில் ஏறியிருந்த களிம்பும் அதே நீலப்பச்சை. செம்பில் களிம்பு போல உயிரில் ஆணவம் உடன் உறைகிறது என்று சைவ சித்தாந்தம் சொல்லும். அழுக்குக்கும் அழகுக்கும் ஒரே நிறமாக இருப்பதை நிறம்தீட்டத் தொடங்கிய பிறகே கவனித்தோம். பெயர் வைக்காதது குறையன்று; அது நிலையாக இராத நிறம் என்பதை முன்னோர் அறிந்திருந்தார்கள் எனலாம்.

கந்தபுராணத்தின்படி, போரின்போது முருகனைச் சுமந்த மயில் இந்திரன். போருக்குப்பின் சுமப்பது சூரன். எங்கள் மாடத்து மயில் இவற்றில் எது என்று சிறுவயதில் கேட்டிருக்கிறோம். "சூரனைப் படுக்க வைக்கிற வரைக்கும் இந்திரன். அப்புறம் சூரன்தான்" என்பார் அம்மா. சூரன் அழிக்கப்படவில்லை, பகைமை போய் வேறோர் உருவத்துக்குள் இருக்கிறான். இதை நினைத்தபோதுதான் எங்கள் வழக்கும் தீர்ந்தது. அம்மா பூசிய நீலத்தைச் சுரண்டவில்லை. அதன்மேலேயே கறுப்பை ஏற்றினோம். கறுப்பின்மேல், ஒருவர் மாற்றி ஒருவர் தூரிகை பிடித்து, மினுக்குத் தூளை மூன்று மெல்லிய பூச்சுகளாகக் கொடுத்தோம். மார்பில் உறைந்திருந்த அந்தச் சொட்டை மட்டும் இருவருமே தொடவில்லை. யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. தூரிகை அவ்விடத்தில் தானாகச் சுற்றிப்போயிற்று.

ஐப்பசி சஷ்டி மாலையில் மாடத்தின்முன் நின்றோம். சூரனைப் படுக்க வைப்பது யார் என்று அதுவரையில் நாங்கள் பேசியிருக்கவில்லை. அக்காள் ஒருபுறமும் தம்பி ஒருபுறமுமாகப் பிடித்துச் சாய்த்தோம். விளக்கின் சுடர் அசைந்தபோது மயிலின் கழுத்து பச்சையிலிருந்து நீலத்துக்குப் போய்த் திரும்பியது. சன்னல் எனாமலின் சொட்டு மட்டும் அப்படியே நீலமாக நின்றது.