பத்து முட்டையா, பன்னிரண்டா?



பெருநாள் முடிந்து பாடசாலைக்குக் கொண்டுபோன லவ் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு, ஆசிரியர் ஓய்வறையில் எல்லோரும் செய்முறை கேட்டார்கள். "முகநூலில போட்டுவிடுங்கோ" என்றார்கள். போடுகிறோம். ஆனால் எங்கள் வீட்டிலேயே அந்தச் செய்முறை இன்னும் முடிவாகவில்லை.

1990க்கு முன்னர் சோனகத் தெருவில் எங்கள் வீட்டில் போறணை இருக்கவில்லை. உம்மா கலவையைத் தட்டில் ஊற்றித் தருவா. நாங்கள் அதைப் பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவோம். பாண் எடுத்து முடிந்து, விறகுச் சூடு இறங்கும் நேரம்தான் லவ் கேக்குக்குச் சரியான நேரம். பாண் வேகிற சூட்டில் வைத்தால் மேல் கருகி உள்ளே பச்சையாகக் கிடக்கும். பெருநாளைக்கு முதல் நாள் ஊர்த் தட்டெல்லாம் அங்கே வரிசையில் நிற்கும். மாறிப்போகக் கூடாதென்று வாப்பா எங்கள் தட்டின் விளிம்பில் ஆணியால் மூன்று புள்ளி குத்தி வைத்திருந்தார். போறணை, பாண் இரண்டுமே போர்த்துக்கீசர் விட்டுப்போன சொற்கள். கேக்கும் அவர்களோடு வந்தது என்பார்கள். பன்னீரும் ஏலக்காயும் எங்கட ஆக்கள் சேர்த்ததுதான் என்பது உம்மாவின் கட்சி.

குருநகரில் ஒரு குடும்பம் எங்களோடு நல்ல பழக்கம். நத்தாருக்கு ரிச் கேக் போடும்போது, பிளம்ஸைப் பிராந்தியில் ஊறவைக்க முதலே அந்த வீட்டு அன்ரி எங்களுக்கென்று ஒரு பங்கை எடுத்து வைப்பா. அதைத் தோடம்பழச் சாற்றில் ஊறவைத்து வேறு தட்டில் போட்டு அனுப்புவா. எங்கள் வீட்டிலிருந்து பெருநாளைக்கு லவ் கேக் போகும். வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற அயல் வீடுகளுக்கு, முட்டை சேர்ந்தது என்பதால், சனிக்கிழமைதான் கொடுத்தனுப்புவோம்.

1990 ஒக்ரோபர் 30. இரண்டு மணி நேரம் தந்தார்கள். அந்தத் தட்டும் உம்மாவின் அளவுக் கொப்பியும் குசினியிலேயே இருந்துவிட்டன.

புத்தளத்தில் கிடுகுக் கொட்டில். பட்டரையும் கஜுவையும் யார் நினைத்தது? முதல் பெருநாளைக்கு உம்மா ரவையைச் சீனி போட்டுக் கிண்டி, சதுரமாக வெட்டி, "இதையே கேக் எண்டு நினைச்சுத் தின்னுங்கோ" என்றா. நாங்கள் சிரித்தோம். அவ சிரிக்கவில்லை.

2010இல் திரும்பி வந்தோம். வீட்டுக்குக் கூரை இல்லை, குசினிச் சுவரில் ஆல் முளைத்திருந்தது. இரண்டு நாள் கழித்து அன்ரியைத் தேடிக் குருநகருக்குப் போனோம். அவ உள்ளே போய் ஒரு பழைய கொப்பியை எடுத்து வந்தா. உம்மா சொல்லச் சொல்ல எப்போதோ எழுதி வைத்தது. ரவை கால் கிலோ, பட்டர் கால் கிலோ, சீனி அரைக் கிலோ, கஜு கால் கிலோ, முட்டை 12.

உம்மா கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தா. தாளைக் கையால் தடவினா. பிறகு சொன்னா: "முட்டை பத்து. பன்னிரண்டு எண்டு நான் சொல்லேல்லை."

"அக்கா, நீங்கள் சொன்னதைத்தான் எழுதினனான்."

இருபது வருஷத்துக்குப் பிறகு கண்டவர்கள் அரை மணி நேரம் முட்டைக்குச் சண்டை. நாங்கள் வெளியே போய் நின்றுகொண்டோம்.

இனிச் செய்முறை. ரவையை இலேசாக வறுத்து, சூட்டோடு பட்டரில் பிரட்டி, ஒரு மணி நேரமாவது ஊறவிடுங்கோ. அவசரப்பட்டால் பல்லில் நெறுநெறுக்கும். மஞ்சட்கருவையும் சீனியையும் வெளிறும்வரை அடித்து, ஊறின ரவையைச் சேருங்கோ. சிறிதாக வெட்டின கஜு, நீற்றுப்பூசணித் தோசி, தேன், பன்னீர், ஏலக்காய், கறுவா, சாதிக்காய் எல்லாம் பிறகு. கஜுவை மாவாக அரைத்துவிட வேண்டாம், கடிபட வேண்டும். வெள்ளைக்கருவில் நாலை மட்டும் நுரைக்க அடித்துக் கடைசியில் மெதுவாகக் கலவுங்கோ. தட்டுக்குள் பத்திரிகைத் தாள் நாலைந்து மடிப்பு, அதற்கு மேல் ஒயில் பேப்பர். இல்லாவிட்டால் அடி பிடிக்கும். 150 பாகையில் ஒன்றேகால் மணி நேரம். ஈர்க்குக் குத்திப் பார்க்கிற வேலை இதற்குச் சரிவராது, உள்ளே ஈரம் இருக்கத்தான் வேண்டும். மேற்பக்கம் நல்ல பொன்னிறமானால் இறக்கலாம். ஒரு இரவு ஆறவிட்டே வெட்டுங்கோ.

2022இல் காஸும் இல்லை, பட்டரும் இல்லை. அந்த வருஷம் போடவில்லை. மற்ற எல்லா வருஷமும் இரண்டு தட்டு போடுகிறோம். எங்களுக்குப் பத்து முட்டை, குருநகருக்குப் பன்னிரண்டு. உம்மாவுக்குத் தெரியும். கேட்பதில்லை. புதுத் தட்டிலும் தம்பி ஆணியால் மூன்று புள்ளி குத்தியிருக்கிறான், வீட்டு அவணில் யாரோடு மாறப்போகிறதோ தெரியாது.

தோசியைக் கடையில் வாங்கினால் சீனிதான் தெரிகிறது. திருநெல்வேலிச் சந்தையில் நல்லா முற்றின நீற்றுப்பூசணி கண்டவர்கள் ஒரு செய்தி போடுங்கோ. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முதல் வீட்டிலேயே காய்ச்ச வேண்டும்.