ஜப்பான் பயணம் – நிறைவுப் பகுதி: பால் பூத் வரைக்கும்

டோக்கியோவில் காலை ஆறரை மணி என்றால் சென்னையில் விடியற்காலை மூன்று. இந்த மூன்றரை மணி நேர வித்தியாசம், போகும்போது ஊர் பார்க்கும் உற்சாகத்தில் பெரிதாகத் தெரியவில்லை. திரும்பி வந்த பிறகுதான் உடம்பு கணக்குக் கேட்டது. மேற்கு மாம்பலம் வீட்டில் மூன்று மணிக்கே பிள்ளைகள் இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்துகொண்டார்கள். சாயங்காலம் ஏழு மணிக்குத் தட்டில் கை வைத்தபடியே சாமியாடினார்கள். மேற்கே வரும்போது பொழுது நீளும். நீண்ட பொழுதுக்கு உடம்பு சீக்கிரம் பழகிவிடும் என்பார்கள். பழகும்வரை என்ன செய்வது?

பள்ளி திறக்கும் நாளோ நெருங்கிவிட்டது. கத்திரி முடிந்தும் வெயில் தணியவில்லை. பெட்டிகளைப் பிரித்துத் துவைக்கப் போட்டு, புத்தகங்களுக்கு பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி உட்கார்ந்தால், பையனுக்குப் போன வருஷத்து ஷூ பத்தவில்லை. மகளின் சீருடைப் பாவாடையை மடிப்புப் பிரித்து இறக்க வேண்டியிருந்தது. அத்தை மிளகு ரசம் வைத்திருந்தார். சூப்பில்கூட மீன் சாறு கலந்திருக்குமோ என்று விசாரித்து விசாரித்துச் சாப்பிட்ட நாங்கள், நாலு பேரும் அதை டம்ளரில் வாங்கிக் குடித்தோம்.

இந்தத் தொடரில் புல்லட் ரயிலையும் கோயில்களையும் பற்றி நிறைய எழுதிவிட்டேன். பிள்ளைகள் வீடு வந்து பேசியது அவற்றைப் பற்றியல்ல. டோக்கியோவில் நாங்கள் தங்கியிருந்த யனகா பகுதியின் காலை நேரத்தைப் பற்றித்தான் ஓயாமல் பேசினார்கள்.

1923 நிலநடுக்கத்துக்கும் பிறகு போர்க்காலக் குண்டுவீச்சுக்கும் பெருமளவு தப்பிய பகுதி யனகா. அதனால் பழைய சந்துகள் அப்படியே இருக்கின்றன. எங்கள் தெருவைவிடக் குறுகலானவை. தினமும் எட்டு மணிக்கு முன்னால் அந்தச் சந்துகளில் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். முதுகில் கெட்டியான தோல்பை. சின்னதுகள் தலையில் மஞ்சள் தொப்பி. கூடப் பெரியவர்கள் கிடையாது. சாலையைக் கடக்கும் இடத்தில் மட்டும் மஞ்சள் கொடியோடு ஒரு தாத்தாவோ பாட்டியோ நிற்பார். சில வீட்டு வாசலிலும் கடைக் கதவிலும் ஒரு ஒட்டுப்படம் இருக்கும். பயந்த குழந்தை எதுவும் அங்கே ஓடிப்போய் உதவி கேட்கலாம் என்பதற்கு அது அடையாளம். ரயில் நிலையக் கதவில் சிறுவர் அட்டையைத் தொட்டால் கோழிக்குஞ்சு கத்துவதுபோல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே என் மகன் நிலையம் நிலையமாக நின்றான். மகள் கேட்டது வேறு: “இவங்களை எல்லாம் யாரும்மா கூட்டிட்டுப் போறாங்க?”

ஊர் வந்த பின் அந்தக் கேள்வி செயலாக மாறியது. அத்தை நாலரைக்கு எழுந்து வாசல் தெளிப்பவர். அவருக்குத் திடீரென்று இரண்டு துணை கிடைத்தது. பையன் தண்ணீர் தெளித்தான், மகள் புள்ளி வைத்தாள். கோலம் முடிந்ததும் அவள் நிமிர்ந்து, “பாட்டி, நான் போய்ப் பால் வாங்கிட்டு வரேன்” என்றாள்.

“தனியாவா? அம்மாவைக் கேளுடி கண்ணு.”

ஆவின் பூத் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு திருப்பம் தள்ளி இருக்கிறது. ஐந்தாம் வகுப்புக்குப் போகிற பெண். அதுவரை தெருமுனையைக்கூடத் தனியாகத் தாண்டியதில்லை. நான் பணத்தைக் கொடுத்தேன். ஐந்தரை மணி வெளிச்சத்தில் தெரு காலியாகக் கிடந்தது. பால் பாக்கெட் கூடைகள், பேப்பர் போடும் பையன்கள், கோலம் போடும் பெண்கள் தவிர யாருமில்லை. போனாள், இரண்டு பாக்கெட்டோடு வந்தாள், சில்லறையை எண்ணிக் கொடுத்தாள். அந்த முகத்தைப் புஜி மலைக்கு முன்னால் எடுத்த படத்தில்கூட நான் பார்க்கவில்லை. மறுநாள் தம்பியையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே உடம்பின் கடிகாரம் சென்னைக்குத் திரும்பிவிட்டது. பழையபடி ஆறரைக்கு எழுப்பி, ஏழேகாலுக்கு வேனில் ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் தெருவின் இரண்டு பக்கமும் கார்கள், அவற்றுக்கு நடுவே பைக்குகள், மிச்சமிருக்கிற இடத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு வேன்கள். “இப்ப போகட்டுமா?” என்று மகள் கேட்டபோது என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. அவளுடைய தைரியம் அதேதான். தெருதான் வேறாகியிருந்தது.

ஜப்பானியர்கள் பிறவியிலேயே ஒழுங்கானவர்கள் என்று சொல்லி முடித்துவிடுகிற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. 1970இல் அந்த நாட்டில் சாலை விபத்தில் செத்தவர்கள் 16,765 பேர். அந்தக் காலத்தை ‘போக்குவரத்துப் போர்’ என்றே அங்கே சொல்கிறார்கள். 2023இல் அந்த எண்ணிக்கை 2,678. நடுவில் அவர்கள் நிறையச் செய்திருக்கிறார்கள். 1962இலேயே ஒரு சட்டம் வந்திருந்தது. கார் வாங்குகிறவர், வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் அதை நிறுத்தத் தனக்கு இடம் இருப்பதாகக் காவல் நிலையத்தில் சான்று பெற வேண்டும். ராத்திரி முழுக்கத் தெருவில் விட்டுவைக்கக் கூடாது. 2011 முதல் குடியிருப்புப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து வேகத்தை 30 கிலோமீட்டராகக் கட்டுப்படுத்துகிறார்கள். யனகாவின் பல சந்துகளில் நடைபாதையே கிடையாது. ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்குள் எதுவும் நிற்பதில்லை என்பதால் ஏழு வயதுப் பிள்ளை நடக்க முடிகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அங்கே பொதுப் பள்ளிக்கு வட்டாரம் உண்டு. எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளி என்பது முகவரியைப் பொறுத்தது, பள்ளி நடக்கிற தூரத்தில் இருக்கிறது. நம் நாட்டிலும் 1966இல் கோத்தாரி குழு அருகமைப் பள்ளி வேண்டும் என்றுதான் சொன்னது. நான் மாநகராட்சிப் பள்ளிக்கு நடந்து போனவள். என் பிள்ளைகள் படிக்கும் பள்ளி நகரத்தின் வேறொரு பக்கம் இருக்கிறது. வேன் இல்லாமல் முடியாது. இதை நாங்கள் ஒரு குடும்பமாக உடனே மாற்றிவிட முடியாது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆனால் தெருவைப் பற்றிப் பேச முடியும். சென்னை மாநகராட்சி 2014லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தபோது நாங்களே போய் ஆசையாக நடந்தோம். கடைத்தெருவுக்குச் செய்ததைப் பிள்ளைகள் குடியிருக்கிற தெருவுக்கும் கேட்கலாமே என்று ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போனேன். சிலர் “காரை எங்கேம்மா கொண்டுபோய் வைக்கிறது?” என்றார்கள். நியாயமான கேள்வி. ஒரு மணி நேரம் பேசி, இப்போதைக்கு பைக்குகளை எல்லாம் ஒரே பக்கம் நிறுத்துவது என்று ஒத்துக்கொண்டார்கள். பணி ஓய்வு பெற்ற எதிர்வீட்டு மாமா, சாயங்காலம் பிள்ளைகள் பாட்டு வகுப்புக்குப் போகிற நேரத்தில் முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னார். இரண்டு தெரு தள்ளியிருக்கும் அந்த வகுப்புக்கு மகள் இப்போது தோழியோடு நடந்து போய் வருகிறாள்.

வார்டு கவுன்சிலருக்கு ஒரு மனுவும் எழுதினோம். கேட்டது இரண்டே விஷயம்: முனையில் ஒரு வேகத்தடை, தெருவின் ஒரு பக்கம் நெடுக வெள்ளைக் கோடு. பெரியவர்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது பையனும் வந்து கையை நீட்டினான். சின்னப் பிள்ளை கையெழுத்து செல்லாது என்று யாரோ சொன்னார்கள். “நடக்கப்போறவன் அவன்தானே” என்று எதிர்வீட்டு மாமா பேனாவை அவனிடம் கொடுத்தார்.

(பயணம் நிறைந்தது)