மருதோன்றியும் நாடியும்

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு, நோயாளியின் அருகிருந்து பணிபுரிபவனையும் அவர் ஒரு கூறாக எண்ணியமை சிந்திக்கத்தக்கது. ஆயினும், நோயை அறிவது வைத்தியரின் தொழில், தாதியோ சொன்னதைச் செய்பவள் என்னும் எண்ணமே நம்மிடையே நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை மருதமுனையைச் சேர்ந்த ஒரு தாதிய மாணவி, கல்முனைக் கரையோரத்து வைத்தியசாலையொன்றில், மார்கழி மாதக் காலைப்பொழுதொன்றில் அறிந்துகொண்டாள்.

அவள் கைத்தறி நெசவாளர் குடும்பத்திலே பிறந்தவள். தறியில் நூல் தளர்ந்திருப்பதை வாப்பா கண்ணால் காணுமுன் விரலால் அறிவதைச் சிறுவயது முதலே பார்த்து வளர்ந்தவள். தாதியர் கல்லூரியில், நோயாளியின் உடல்நிலையைப் பார்த்தும், தொட்டும், தட்டியும், கேட்டும் அறியவேண்டும் என்று விரிவுரையாளர் கற்பித்தபோது அது அவளுக்குப் புதுமையாகத் தோன்றவில்லை. நெஞ்சைத் தட்டி ஒலியால் நோயறியும் முறையை 1761 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட லெயோப்போல்ட் அவுன்புருகர் ஒரு விடுதிக்காரரின் மகன் என்பதும், பீப்பாயைத் தட்டி உள்ளிருக்கும் மதுவின் அளவை அறியும் வழக்கமே அவருக்கு வழிகாட்டியது என்று கூறப்படுவதும் அவளை மகிழ்வித்தன. வயிற்றைப் பரிசோதிக்கும்போது மட்டும் தொடுவதற்கு முன் கேட்கவேண்டும், தொட்டால் குடலின் ஒலி மாறிவிடக்கூடும் என்பன போன்ற நுட்பங்களையெல்லாம் அவள் மனனஞ் செய்திருந்தாள்.

வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களிலே இக்கரையோர ஊர்களில் டெங்குக் காய்ச்சல் தலைதூக்குவது வழக்கம். கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. பீலியிலும் சிரட்டையிலும் பழைய டயரிலும் தேங்கும் தெளிந்த நீரே நுளம்புக்குப் போதுமானது. 2017 ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 186,000 இற்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராக அறிக்கையிடப்பட்டனர். கல்முனைப் பிரதேசமும் அவ்வாண்டில் பெரிதும் பாதிக்கப்பட்டது.

அன்று காலை அவளிடம் ஒப்படைக்கப்பட்டவள் பதினொரு வயதுச் சிறுமி. காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாள். வெப்பமானி 98.4 பாகை காட்டியது. உம்மாவின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. மறுநாள் சிறுமியின் ராத்தாவுக்குத் திருமணம். காய்ச்சல் விட்டபடியால் துண்டு வெட்டிக்கொண்டு வீடு செல்லலாமா என்று வாப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மாணவி சிறுமியின் விரல்நுனிகளைப் பார்த்தாள். நகங்கள் நன்கு சிவந்திருந்தன. குருதியமுக்கத்தின் மேலெண் 100. பதினொரு வயதுக்கு அது குறைவன்று. "நோயாளி நலமாக உள்ளார், நிறம் நன்று" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குச் சென்றாள்.

அக்கட்டிலின் கால்மாட்டில் இருந்த உம்மம்மா அவளை மெல்ல அழைத்தார்.

"மகள், காய்ச்சல் விட்டுத்தான். ஆனாப் புள்ளட கால் ரெண்டும் பச்சத்தண்ணி மாதிரிக் கிடக்கு. ராவையிலிருந்து ஒண்டுக்கும் போகல்ல."

மாணவி திரும்பி வந்து பாதங்களைத் தொட்டாள். அவை குளிர்ந்திருந்தன. மீண்டும் விரல்களைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உண்மை விளங்கியது. நகங்களிலே சிவந்திருந்தது குருதியன்று. ராத்தாவின் கல்யாணத்துக்காக ஒரு வாரத்துக்கு முன் இட்ட மருதோன்றி. காலின் பெருவிரலை அழுத்தி விட்டாள். இரண்டு விநாடிக்குள் திரும்பவேண்டிய நிறம், நான்கு எண்ணியும் முழுமையாகத் திரும்பவில்லை. நாடி விரைவாகவும் மெலிந்தும் ஓடியது. குருதியமுக்கத்தை மீண்டும் அளந்தாள். மேலெண் 100, கீழெண் 80. தனித்தனியே நோக்கின் அவ்விரண்டும் அச்சந்தருவன அல்ல. அவற்றின் இடைவெளியோ இருபதுதான்.

டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையே பலருக்கு ஆபத்தின் தொடக்கமாக அமைகின்றது. நுண்ணிய குருதிக்குழாய்களிலிருந்து திரவவிழையம் கசிகின்றது. இந்நிலை 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கலாம். உடல் தன் குழாய்களைச் சுருக்கி மேலெண்ணைக் காப்பாற்றிக்கொள்வதால், அவ்வெண்ணை மட்டும் நோக்குபவர் ஏமாந்துபோவார். இடைவெளி இருபதாகச் சுருங்குவதே அதிர்ச்சிநிலையின் அறிகுறி.

அவள் சிரேஷ்ட தாதியிடம் ஓடினாள். சில நிமிடங்களில் வைத்தியர் வந்தார். திரவம் ஏற்றப்பட்டது. குறைந்தால் அதிர்ச்சி, மிகுந்தால் நுரையீரலுக்குக் கேடு என்பதால் அளவு கணக்கிடப்பட்டு, நாடியும் சிறுநீரும் தொடர்ந்து அளக்கப்பட்டன. ராத்தாவின் நிக்காஹ் சிறுமி இன்றியே நடந்தேறியது. மூன்றாம் நாள் அவள் கஞ்சி கேட்டாள்.

இந்நிகழ்ச்சியில் மாணவியின் பிழை யாது? அவள் பாடத்தை மறந்தவளல்லள். நகத்தின் நிறத்தை நோக்குக என்றது நூல், அவள் நோக்கினாள். கல்யாண வீட்டுப் பிள்ளையின் நகத்தை நோக்குவது எவ்வாறு என்பதை அந்நூல் கூறவில்லை. அதனைக் கூறவேண்டியவள் இம்மண்ணிலே பிறந்த அவளே. மருதோன்றியிட்ட கைகளை ஆயிரந்தடவை கண்டவள், தாதியின் உடை தரித்ததும் தான் கண்டதை மறந்துவிட்டாள். உம்மம்மாவோ எந்த நூலையும் கல்லாமல், குளிர்ந்த பாதத்தையும் நின்றுபோன சிறுநீரையும் கவனித்திருந்தார். தாதியியல் வேண்டுகின்ற தகவல்கள் அவையேயாம்.

வைத்தியர் நோய்க்குப் பெயரிடுகின்றார். அந்நோய்க்கு அம்மனிதர் எவ்வாறு முகங்கொடுக்கின்றார் என்பதைத் தாதி நிர்ணயிக்கின்றாள். இத்தகைய தாதிய நிர்ணயங்களை வகைப்படுத்தும் முதல் மாநாடு 1973 இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலே கூடியது. நோயாளி சொல்வதையும் தாதி தானே கண்டறிவதையும் வேறுவேறாகப் பதியவேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. நம்மூரில் நோயாளி 'முட்டு' என்கிறார், 'உளைவு' என்கிறார், 'ஓங்காளம்' என்கிறார். ஆண் வைத்தியரிடம் நாணித் தயங்கும் பெண்கள் தாதியிடம் தாழ்ந்த குரலில் சொல்வனவும் உள. இச்சொற்களை ஆங்கிலக் குறிப்பேட்டில் ஏற்றும்போது பொருள் நழுவிவிடலாகாது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து நூல்களையும் தமிழாக்கினார். தமிழ் பயிலும் நாம் அப்பணியைத் தொடர்வதாயின், வட்டாரந்தோறும் மக்கள் நோயைச் சொல்லும் சொற்களைத் தொகுத்துத் தாதிய மாணவருக்கு அளிப்பதிலிருந்து தொடங்கலாம்.

அன்று மாலை அம்மாணவி தன் காலைக் குறிப்பை அழிக்கவில்லை. அதன் கீழே நேரமிட்டுப் புதிய குறிப்பொன்றை எழுதினாள். முதல் வரியில் உம்மம்மாவின் சொற்களை அவர் சொன்னவாறே பதிந்தாள். அதன் பின்னரே தான் அளந்த எண்களை எழுதினாள். இப்போது எந்த நோயாளியை அணுகும்போதும் அருகிருப்பவரிடம், "உங்களுக்கு என்ன வித்தியாசமாத் தெரியுது, உம்மா?" என்று கேட்ட பின்னரே அவள் வெப்பமானியை எடுக்கிறாள்.