வாக்களித்த பதினால்வர்

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தாட்டத்தில் யார் சிறந்த வீராங்கனை என்ற சர்ச்சை ஆண்டுதோறும் மாசி கடைசியில் கிளம்பும். எம்மவருக்கு வலைப்பந்தாட்டமே நெருக்கம் என்பதால் ஒரு சிறு விளக்கம். அங்கே பல்கலைக்கழகங்கள் 'கொன்பரன்ஸ்' எனும் கூட்டமைப்புகளாகப் பிரிந்து ஆடுகின்றன. தமது இறுதிச் சுற்றுப்போட்டி தொடங்குமுன் ஒவ்வொரு கூட்டமைப்பும் விருதுகளை அறிவித்துவிடும்.

2023இல் தென்கிழக்குக் கூட்டமைப்பில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஏஞ்சல் ரீஸ் அந்தப் பருவம் முழுவதிலும் ஆட்டமொன்றுக்குச் சராசரியாக 23 புள்ளிகளும் 15.4 ரீபவுண்டுகளும் எடுத்தவர். தென் கரோலைனாவின் அலியா பொஸ்டன் எடுத்தவை 13 புள்ளிகளும் 9.8 ரீபவுண்டுகளும். விருது பொஸ்டனுக்கே போயிற்று.

அநியாயம் என்றுதான் எனக்கு முதலில் பட்டது. ஆனால் டொரொண்டோவில் வளர்ந்த நண்பரின் மகள், தானும் கூடைப்பந்தாட்டம் ஆடியவள், என்னை மறித்தாள். "நீங்கள் எண்களை மட்டும் பார்க்கிறீர்கள் அங்கிள்" என்றாள். தென் கரோலைனாவில் மாற்று ஆட்டக்காரரும் முதல்தரமானவர்கள். எனவே பொஸ்டன் நெடுநேரம் களத்தில் நிற்கவேண்டிய தேவையில்லை. அவர் நின்றால் எதிரணியினர் கூடைக்கு அருகே வரவே தயங்குவர். வராதவரை எந்தப் புள்ளிவிபரத்தில் பதிவது? அதோடு, அவ்வாண்டு பெப்ரவரி 12இல் இரு அணிகளும் மோதியபோது தென் கரோலைனா 88-64 என வென்றது. தொடர்ந்து 23 ஆட்டங்களில் புள்ளியிலும் ரீபவுண்டிலும் இரட்டை இலக்கம் கண்டிருந்த ரீஸ், அன்று 4 ரீபவுண்டுகளுடன் நின்றார்.

வாதம் வலுவானது. ஆயினும் என் மனக்குறை வேறிடத்தில் இருக்கிறது. இவ்விருதைத் தீர்மானித்தவர்கள் அப்போதிருந்த 14 அணிகளின் பயிற்றுநர்கள். தத்தம் வீராங்கனைக்கு அவர்கள் வாக்களிக்கக்கூடாது. நல்ல விதிதான். ஆனால் அதன்படி ரீஸின் பயிற்றுநர் கிம் மல்கி ரீஸுக்கு வாக்களிக்க முடியாது. பொஸ்டனின் பயிற்றுநர் டோன் ஸ்டேலி விரும்பினால் அளிக்கலாம். போட்டியாளரின் பெருமையைப் போட்டியாளரே அளக்கவேண்டும். யார் யாருக்கு அளித்தார் என்பதோ வெளியே வராது.

பயிற்றுநர்களை விலக்கச் சொல்லவில்லை. இரவிரவாக ஒளிப்பதிவு பார்த்து எதிரணியைப் படிப்பவர்கள் அவர்கள். ஆட்டம் முடிந்ததும் ஓட்டப் பெட்டிபோல் எண்களைப் பொறுக்கி எழுதும் எம் பத்திரிகைச் சாதியைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். 'பிக் டென்' கூட்டமைப்பில் பயிற்றுநரும் ஊடகத்தாரும் தனித்தனியே தெரிவு செய்கின்றனர். அது பரவாயில்லை. இரு பட்டியல்கள் முரண்படும்போதாவது வாசகன் காரணம் கேட்பான். என் விருப்பம் இன்னும் ஒருபடி மேல்: வாக்களித்தவர் தம் வாக்கின்கீழ்ப் பெயரை இடட்டும். 2021 முதல் இம்மாணவியர் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு விளம்பரப் பணம் ஈட்டலாம். விருது இப்போது வெறும் கேடயமன்று. ஒருத்தியின் வருவாயைத் தொடும் தீர்ப்பை இரகசியமாக வழங்குவது எப்படிப் பொருந்தும்?

அந்த 2023 பருவத்தின் முடிவு பலருக்கு நினைவிருக்கும். அதுவரை தோல்வியே காணாத தென் கரோலைனா தேசிய அரையிறுதியில் அயோவாவிடம் வீழ்ந்தது. அந்த அயோவாவை இறுதியாட்டத்தில் 102-85 என வென்று லூசியானா கிண்ணம் ஏந்தியது. இறுதிக் கட்டத்தின் சிறந்த வீராங்கனை ரீஸ். இதைக் காட்டிப் பயிற்றுநர்களைக் குற்றஞ்சாட்டுவது முறையன்று. அவர்கள் வாக்களித்தது அதற்கு முன்னர்.

ஆனால் 2024ஐ என்ன செய்வது? தென் கரோலைனா அம்முறையும் தோல்வியின்றி முதலிடம். ரீஸின் சராசரி 18.6 புள்ளி, 13.4 ரீபவுண்ட் எனக் குறைந்திருந்தது. கூட்டமைப்பின் சிறந்த வீராங்கனை விருது ரீஸுக்கு! முந்திய ஆண்டில் அணியின் வெற்றியை அளந்தவர்கள் இவ்வாண்டு எதை அளந்தார்கள் என்று டொரொண்டோவுக்கு எழுதிக் கேட்டேன்.

"பொஸ்டன் படிப்பு முடித்துப் போய்விட்டாரே அங்கிள்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.