பேய்க்கு எதுக்கு பாஸ் நிஜப் பேரு?

ராத்திரி பன்னிரண்டு மணி. ஹாஸ்டல் ரூம்ல ஒரே ஒரு லேப்டாப், அதைச் சுத்தி ஆறு தலை. பேய் சீரியல் ஓடிக்கிட்டு இருக்கு. பாதியில எவனாவது ஒருத்தன் மொபைல்ல தட்டிப் பார்த்துட்டு, 'டேய்... இந்தப் பொம்பளை நிஜமாவே இருந்திருக்காடா!'னு கத்துவான். அவ்ளோதான். அதுவரைக்கும் சிப்ஸ் பாக்கெட்டுக்கு அடிச்சுக்கிட்ட கூட்டம் கப்சிப்!

அந்த ஒரு வரிக்காகத்தான் டி.வி-காரங்க நிஜ மனுஷங்களைப் பேய்க் கதைக்குள்ள இழுத்துட்டு வர்றாங்க. பத்து பைசா செலவில்லாத ஸ்பெஷல் எஃபெக்ட்! ஆனா, அந்த எஃபெக்டுக்கு யாரோ ஒருத்தர் விலை கொடுக்கிறாங்கன்னு எனக்குத் தோணுது. எப்படின்னு சொல்றேன், நீங்களே முடிவு பண்ணுங்க.

'அமெரிக்கன் ஹாரர் ஸ்டோரி'னு ஒரு சீரியல். அதோட மூணாவது சீஸன் 'கோவன்', 2013 அக்டோபர்ல ஆரம்பிச்சு 2014 ஜனவரியில முடிஞ்சது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்துச் சூனியக்காரிகள் கதை. இதுல வர்ற டெல்ஃபின் லலோரி, மேரி லாவோ ரெண்டு பேருமே அந்த ஊர்ல வாழ்ந்த நிஜப் பெண்கள். (கோடரியோட ஒரு கொலைகாரனும் வர்றான். அவனை இன்னொரு நாள் பார்த்துக்கலாம்.)

சீரியல்ல லலோரி யாரு? கறுப்பின அடிமைகளை மாடியில அடைச்சுவெச்சு சித்ரவதை பண்ற பணக்கார எஜமானி. இளமை போகாம இருக்க முகத்துல ரத்தம் பூசிக்கிறவங்க. ஊடூ ராணி மேரி லாவோ அவங்களுக்கு சாகாவரம் கொடுத்து, உயிரோட மண்ணுக்குள்ள புதைச்சிடுறாங்க. வரமே சாபம்! இந்தக் காலத்துல தோண்டி எடுத்தா, டி.வி-யில ஒபாமாவைப் பார்த்து, 'இவரா ஜனாதிபதி?'ங்கிற ரேஞ்சுல அழுகை. நாம விழுந்து விழுந்து சிரிக்கிறோம். லலோரியா நடிச்ச கேத்தி பேட்ஸுக்கு 2014-ல எம்மி விருது. கொடுக்க வேண்டிய நடிப்புதான், அதுல சந்தேகமே இல்லை.

இப்போ நிஜத்துக்கு வாங்க.

1834 ஏப்ரல் 10. ராயல் ஸ்ட்ரீட்ல இருந்த லலோரி வீட்டு சமையலறையில தீ. உதவிக்கு ஓடி வந்தவங்க, பூட்டியிருந்த கதவுகளை உடைச்சுக்கிட்டு உள்ளே போனா... உடம்பெல்லாம் காயத்தோட, இரும்பு மாட்டி அடைச்சு வெச்சிருந்த அடிமைகள். ஏழு பேர்னு அந்த ஊர்ப் பத்திரிகை எழுதுச்சு. விஷயம் தெரிஞ்சதும் ஜனம் திரண்டு வந்து வீட்டை நொறுக்கிடுச்சு. லலோரி? வண்டி ஏறித் தப்பிச்சு, கடைசியில பிரான்ஸ் போய்ச் சேர்ந்துட்டாங்க. கேஸ் கிடையாது, ஜெயில் கிடையாது. கடைசி வரைக்கும் அங்கேயே இருந்து செத்துப் போனாங்க.

சரி, தீ வெச்சது யாரு? அந்த வீட்டு சமையல்காரம்மா. காலை அடுப்போட சங்கிலி போட்டுக் கட்டியிருந்தாங்க. மாடிக்கு இழுத்துட்டுப் போனா உயிரோட திரும்ப முடியாது, அதைவிட எரிஞ்சே போயிடலாம்னு அவங்களே தீ வெச்சதா அந்தக் கதையைப் பதிவு பண்ணினவங்க சொல்றாங்க. ஒரு நிமிஷம் யோசிங்க. சங்கிலியில கிடந்த ஒரு அம்மா, கைக்கு எட்டின ஒரே ஆயுதத்தால ஊரையே அந்த வீட்டுக்குள்ள வர வெச்சிருக்காங்க. இதைவிட ஒரு ஹீரோயின் வேணுமா? சீரியல்ல அவங்களுக்கு இடமே இல்லை பாஸ்! சாபம் போட்டு லலோரியைப் பழி வாங்குற வேலை முழுக்க மேரி லாவோவுக்குப் போயிடுச்சு.

அதுக்குப் பதிலா சீரியல்ல யாரைக் காட்டுறாங்க தெரியுமா? தலையில மாட்டுத் தலையை மாட்டிவிட்ட பாஸ்டியன்னு ஒரு அடிமை. அவன் முழுக்க முழுக்க எழுத்தாளர்களோட கற்பனை.

கற்பனைப் பேருக்கு அவசியமே இல்லைங்கிறதுதான் எனக்குக் கடுப்பு. ஏன்னா, நிஜப் பேர்கள் இருக்கு. கேரலின் மாரோ லாங்னு ஒரு ஆய்வாளர், பழைய ஆவணங்களைத் தோண்டி 2012-ல லலோரி பத்தி ஒரு புத்தகம் போட்டாங்க. அடக்கப் பதிவேடுகள்படி 1830-லேர்ந்து 1834-க்குள்ள அந்த வீட்டைச் சேர்ந்த 12 அடிமைகள் இறந்திருக்காங்க. அதுல போன்னு ஒரு அம்மா. சமையலும் துணி துவைக்கிறதும் அவங்க வேலை. அவங்களோட நாலு பிள்ளைங்க... ஜூலியட், ஃப்ளோரன்ஸ், ஜூல்ஸ், லியோன்டின். மூத்தவளுக்கே பதிமூணு வயசுதான் இருக்கும்! எதனால செத்தாங்கன்னு பதிவேட்டுல இல்லை. காய்ச்சலாகூட இருக்கலாம். ஆனா பேர் இருக்கு, வயசு இருக்கு.

எங்க லேப்ல ப்ரோக்ராம் எழுதும்போது முக்கியமான வேரியபிளுக்கு மட்டும் ஒழுங்கா பேர் வெச்சுட்டு, மிச்சத்துக்கெல்லாம் டெம்ப்-1, டெம்ப்-2னு வெச்சுட்டுப் போயிடுவோம். அதே கதைதான். கொடுமை பண்ணினவங்களுக்கு நிஜப் பேர், நீளமான வசனம், கண்ணீர், காமெடி, எம்மி. கொடுமை அனுபவிச்சவங்க எல்லாம் டெம்ப்!

மேரி லாவோவுக்கு நடந்தது இன்னொரு ரகம். 1801-ல பொறந்து 1881-ல இறந்தவங்க. அடிமையா இல்லாம சுதந்திரமா வாழ்ந்த கறுப்பினப் பெண். ஊடூ தலைவி, அதே சமயம் கத்தோலிக்க சர்ச்சுக்கும் போறவங்க. காய்ச்சல் பரவின காலத்துல நோயாளிகளைப் பார்த்துக்கிட்டாங்க, தூக்குத் தண்டனைக் கைதிகளைப் போய் சந்திச்சாங்கன்னு அந்த ஊர் இன்னிக்கும் சொல்லும். சீரியல் பண்ணினது என்ன? சாகாம இருக்கிறதுக்காக வருஷா வருஷம் ஒரு குழந்தையைக் காவு கொடுக்கிறவங்களா மாத்தி, கடைசியில நரகத்துக்கு அனுப்பிடுச்சு. அந்தக் காவை வாங்கிக்கிற பாபா லெக்பா, ஊடூக்காரங்க இன்னிக்கும் கும்பிடுற சாமி!

செத்தவங்க மேல அமெரிக்காவுல அவதூறு கேஸ் நிக்காது. அதனால சீரியல்காரங்களுக்கு டென்ஷனே கிடையாது. ஆனா மேரி லாவோவோடதுன்னு சொல்ற கல்லறை அங்கே செயின்ட் லூயிஸ் இடுகாட்டுல நிக்குது. வேண்டுதல்னு சொல்லி ஆளாளுக்கு அதுல 'எக்ஸ்' போட்டுக் கிறுக்கிட்டு இருந்தாங்க. 2013 டிசம்பர்ல எவனோ மொத்தத்தையும் பிங்க் பெயின்ட் அடிச்சுட்டான். சீரியல் பார்த்துதான் அடிச்சான்னு நான் சொல்லலை. ஆனா இந்தத் தொல்லை எல்லாம் சேர்ந்து, 2015 மார்ச்லேர்ந்து கைடு இல்லாம உள்ளே வரக் கூடாதுன்னு சர்ச் நிர்வாகம் கதவைச் சாத்திடுச்சு.

'சீரியல் இல்லைன்னா இந்தப் பேரெல்லாம் உனக்குத் தெரிஞ்சே இருக்காதேடா'ன்னு என் ரூம்மேட் மடக்கினான். பாயின்ட்தான்! ஆனா நிஜப் பேரை எடுக்காதேன்னு நான் சொல்லலையே. எடுத்தா எப்படிக் கையாளுறேங்கிறதுதான் மேட்டர்.

2018-ல வந்த 'தி டெரர்' பாருங்க. 1845-ல ஆர்க்டிக் கடலுக்கு எரிபஸ், டெரர்னு ரெண்டு கப்பல்ல போய், 129 பேர்ல ஒருத்தர்கூடத் திரும்பாத நிஜ சம்பவம். சீரியல்ல அவங்களை ஒரு மாய மிருகம் துரத்தும். டான் சிம்மன்ஸோட 2007 நாவல்தான் மூலக்கதை. நாவல்ல வில்லன், கார்னீலியஸ் ஹிக்கி. பலகை இடுக்குல தண்ணி கசியாம அடைக்கிறவருக்கு உதவியாள். பிரச்னை என்னன்னா, டெரர் கப்பலோட ஆள் பட்டியல்ல அந்தப் பேர்ல நிஜமாவே ஒருத்தர் இருந்தார். பாவம், அந்த மனுஷன் எந்தத் தப்பும் பண்ணினதா ஒரு வரி ஆதாரம் கிடையாது.

சீரியல்காரங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? வில்லன், நிஜ ஹிக்கியைக் கொன்னுட்டு அவர் பேர்ல கப்பல் ஏறின வேற ஆளுன்னு மாத்திட்டாங்க! ஒரே ஒரு ட்விஸ்ட். கதைக்கும் த்ரில், செத்த மனுஷனுக்கும் கெட்ட பேர் இல்லை. எனக்கு எழுந்து நின்னு விசில் அடிக்கணும்போல இருந்துச்சு.

அதே சீரியல்ல வர்ற எரிபஸ் கப்பல் அதிகாரி ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ். கிங் வில்லியம் தீவுல கிடைச்ச ஒரு தாடை எலும்பு அவரோடதுன்னு, உறவினர் ஒருத்தரோட டி.என்.ஏ-வை ஒப்பிட்டு 2024-ல கண்டுபிடிச்சாங்க. அந்த எலும்புல கத்தி கீறின அடையாளம். பசியில கூட வந்தவங்களே... வேண்டாம், மெஸ் நேரத்துல படிக்கிறவங்க இருப்பீங்க. சொல்ல வந்தது, நாம 'கேரக்டர்'னு நினைக்கிற ஆளுக்கு இன்னிக்கும் சொந்தக்காரங்க உண்டு.

அதே சீரியலோட ரெண்டாவது சீஸன் 2019-ல வந்தது. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ஜப்பானிய அமெரிக்கர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல முகாம்கள்ல அடைக்கப்பட்ட கதை, கூடவே ஒரு ஜப்பானிய ஆவி. இதுல ஆட்கள் கற்பனை, முகாம் நிஜம். முகாம்வாசி பெரியவரா நடிச்சவர் ஜார்ஜ் டாகெய். 'ஸ்டார் ட்ரெக்' சூலுன்னா சிலருக்கு டக்குனு தெரியும். அஞ்சு வயசுல குடும்பத்தோட அப்படி ஒரு முகாம்ல அடைக்கப்பட்டவர் அவர். எண்பது வயசுக்கு மேல, செட் போட்ட முகாமுக்குள்ள மறுபடி நடந்திருக்கார். அந்த சீஸன்ல ஆவி என்னென்ன பண்ணுச்சுன்னு கேட்டா எனக்குப் பாதி மறந்துபோச்சு. முள்கம்பி பக்கத்துல அவர் நிக்கிற ஷாட் மறக்கலை.