கரிசல் காட்டுப் பிள்ளைகளின் மாலைப்பொழுது

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் ரயில் சாத்தூரைத் தாண்டியதும், ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் அலுப்போடு முகத்தைத் திருப்பிக் கொண்டு விடுகிறார்கள். அங்கே அருவி இல்லை. ஆற்றங்கரைத் தோப்பு இல்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் கறுத்த மண். பருவத்துக்குத் தக்கபடி அதில் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் நிற்கும். மழை பொய்த்த வருஷத்தில் இவை ஒன்றும் இராமல் வெடிப்பு மட்டுமே நிற்கும். "கோவில்பட்டிக்கா பிரயாணம்? அங்கே கடலை மிட்டாயைத் தவிர என்ன இருக்கிறது?" என்று நண்பர்கள் நம்மைக் கேட்டதில் வியப்பில்லை.

கடலை மிட்டாயை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. ஆனால் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் காலங்கழிக்கும் நமக்கு அந்தச் சீமையில் பார்க்க வேண்டியது வேறொன்று இருந்தது. கோவில்பட்டியைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு கல்வி மாவட்டம் இருக்கிறது. வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பதை எந்த ஊரிலும் ஒருவாறு ஊகித்து விடலாம். கடைசி மணி அடித்த பிறகு என்ன நடக்கிறது? மைதானத்தில் யார் நிற்கிறார்கள்? மேடையில் யார் ஏறுகிறார்கள்? ஊரார் எதற்காகப் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்கிறார்கள்? இவற்றைப் பார்த்து வரலாம் என்றுதான் புறப்பட்டோம்.

விடியுமுன் வந்த வண்டி

கோவில்பட்டிக்கு அடுத்தாற்போல் தெற்கே குமாரபுரம் என்று ஒரு சின்ன ரயில் நிலையம் உண்டு. கு. அழகிரிசாமி எழுதிய 'குமாரபுரம் ஸ்டேஷன்' என்ற கதையைப் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் மறக்காது. மேல்படிப்புக்காகக் கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் சேரப் போகும் கிராமத்துச் சிறுவர்கள் அந்தக் கதையில் வருகிறார்கள். பட்டிக்காட்டுப் பிள்ளைக்குப் பெரிய பள்ளிக்கூடம் என்பது ரயில் ஏறிப் போக வேண்டிய அதிசயமாக இருந்த காலம் அது.

அந்தச் சிறுவர்களாவது பாக்கியசாலிகள். பிற்காலத்தில் இதே சீமையில் வேறு வண்டிகளும் ஓடின. சிவகாசியில் 1923-ஆம் ஆண்டு வாக்கில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழில் சாத்தூர், கோவில்பட்டி என்று பரவிற்று. மழையை நம்பிப் பயிரிட்டு ஏமாந்த குடும்பங்களுக்கு அது கஞ்சி வார்த்தது என்பதை மறுக்க முடியாது. அந்தக் கஞ்சிக்கு விலை கொடுத்தவர்கள் குழந்தைகள். விடியுமுன்னே தொழிற்சாலை வண்டிகள் கிராமங்களுக்கு வந்து, தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். சட்டத்தில் குச்சி அடுக்குவதும் பெட்டியில் குச்சி அடைப்பதும் லேபிள் ஒட்டுவதும் சின்ன விரல்களின் வேலை. இருட்டில் போய் இருட்டில் திரும்பிய குழந்தைக்கு மாலைப்பொழுது என்று ஒன்று ஏது?

1986-ஆம் ஆண்டுச் சட்டம் 14 வயது நிரம்பாதவர்களைத் தீப்பெட்டித் தொழிலில் அமர்த்தக் கூடாது என்றது. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தபோது, சட்டத்தை மீறிய முதலாளி குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று விதித்தது. சட்டம் குழந்தையை வேலையிலிருந்து விடுவித்தது. விடுபட்ட குழந்தை பள்ளிக்கூடத்தில் நிலைத்து நிற்க வேண்டுமானால் சட்டம் மட்டும் போதுமா? வயிற்றுக்கு ஏதாவது வேண்டும். மனத்துக்கும் ஏதாவது வேண்டும்.

சோறும் கவிதையும்

வயிற்றுக்கு வழி செய்த கதை கோவில்பட்டிக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எட்டயபுரத்தோடு சேர்ந்தது. 1956-ஆம் ஆண்டில் காமராஜர் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவளிக்கும் திட்டத்தை இந்த ஊரில்தான் தொடங்கி வைத்தார். அப்போது கல்வித் துறையின் தலைவராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. சர்க்கார் பணம் மட்டும் அன்று உலையில் வேகவில்லை; ஊரார் கொடுத்த அரிசியும் பருப்பும் விறகும் சேர்ந்தே வெந்தன. இரண்டு வருஷங்களுக்குப் பின், 1958-இல், செங்கற்பட்டு ஜில்லாக் கடம்பத்தூரில் ஆரம்பமான பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இதே மனப்பான்மையில் பிறந்தவைதாம். ஒருவர் பெஞ்சு கொடுப்பார். ஒருவர் கடிகாரம் கொடுப்பார். ஒருவர் நிலமே எழுதி வைப்பார். அந்த மதிய உணவு 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கிற்று.

எட்டயபுரத்தில் மனத்துக்கும் விருந்து உண்டு. அரண்மனைச் சபையில் கவி பாடி, 'பாரதி' என்ற பட்டத்தைப் பெற்றபோது சுப்பையாவுக்கு வயது 11. இன்றைய கணக்கில் ஆறாம் வகுப்புப் பையன்! அன்று அந்தப் பிள்ளையை மேடையேற்றாமல், "போய்க் கணக்குப் போடு" என்று விரட்டியிருந்தால் தமிழுக்கு என்ன நஷ்டம் ஏற்பட்டிருக்கும் என்பதைப் பெற்றோர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

கவியின் மணிமண்டபம் கல்கியின் முயற்சியால், பத்திரிகை படிக்கும் சாதாரணக் குடும்பங்கள் அனுப்பிய காணிக்கையைக் கொண்டு எழும்பியது. 1947-ஆம் ஆண்டு அக்டோபரில் ராஜாஜி அதைத் திறந்து வைத்தார். ஆண்டுதோறும் டிசம்பர் 11-ஆம் தேதி அங்கே போய்ப் பார்க்க வேண்டும். முண்டாசும் கறுப்புக் கோட்டும் மையினால் எழுதிய மீசையுமாகக் குட்டிப் பாரதிகள் தெருவெல்லாம் நடமாடுவார்கள். வெயிலில் மீசை கன்னத்துக்கு இறங்கிவிடும். தாய்மார்கள் முந்தானையால் துடைத்து மறுபடி எழுதுவார்கள். சிறுமிகளும் மீசை வைத்துக்கொண்டு வருகிறார்கள். அதைக் கண்டால் பாரதியார் சந்தோஷப்பட்டிருப்பார் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை.

அந்தச் சிறு ஊரிலேயே சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் நினைவிடமும், 1835-ஆம் ஆண்டில் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியும் இருக்கின்றன. பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகும் உபாத்தியாயர்களுக்கு நமது விண்ணப்பம்: மூன்று இடங்களையும் காட்டுங்கள். ஒருமைப்பாட்டைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதச் சொல்வதைவிட, அந்த மூன்று வாசல்களில் ஒரே நாளில் செருப்பைக் கழற்ற வைப்பது மேல்.

தண்ணீர் தெளித்த மைதானம்

கோவில்பட்டிக்குத் திரும்புவோம். மற்ற ஊர்களில் பையன்கள் கையில் கிரிக்கெட் மட்டையைப் பார்க்கலாம். இங்கே சைக்கிளின் குறுக்குக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருப்பது ஹாக்கி மட்டை. மண் தரையில், வெறுங்காலோடு தலைமுறை தலைமுறையாக விளையாடிய ஊர் இது. இன்று செயற்கைப் புல் பதித்த மைதானம் இருக்கிறது. பல ஆண்டுகளாக நடந்து வரும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டியைப் பார்க்க ஊரே திரள்கிறது. 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆண்கள் ஜூனியர் தேசியப் போட்டியும் இங்கேயே நடந்தது.

அந்த மைதானத்தில் நம்மைக் கவர்ந்த விஷயம் ஒன்று உண்டு. ஆட்டத்துக்கு முன் செயற்கைப் புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். நனைந்தால்தான் பந்து சீராக ஓடும். விழுந்தவனுக்குத் தோலும் உரியாது. தாமிரபரணித் தண்ணீர் குழாய் வழியே வர வேண்டிய ஊர் இது. குடத்தோடு காத்திருந்து பழகிய ஊர். அப்படிப்பட்ட ஊர் விளையாட்டுக்குத் தண்ணீர் வார்க்கிறதென்றால், பிள்ளைகளின் ஆட்டத்தை எவ்வளவு மதிக்கிறது என்று பாருங்கள்!

பலனும் இல்லாமற் போகவில்லை. கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயிற்சி பெற்ற இரண்டு இளைஞர்கள் 2022-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியாவுக்காக ஆடினார்கள். ஒருவர் இந்த ஊர்க்காரரான மாரீஸ்வரன். மற்றவர் அரியலூர்ப் பிள்ளை கார்த்தி. கார்த்தி தம் முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டார். இந்தியா வெண்கலப் பதக்கம் பெற்றது. ஆனால் விடியற்காலையில் மட்டையோடு ஓடும் நூறு பிள்ளைகளில் தேசத்துக்காக ஆடப் போகிறவர் ஒருவரோ இருவரோதான். மற்றவர்களுக்கு என்ன லாபம்? தோற்றபின் எதிரியின் கையைக் குலுக்கும் வித்தையைக் கற்றுக்கொள்கிறார்கள். அது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

தாத்தாவும் ஓர் உபாத்தியாயர்

2022-23-ஆம் ஆண்டிலிருந்து சர்க்கார் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம் என்று படிப்படியாக ஏறி மாநில மேடைக்குப் போகலாம். முதல்வராக வருகிறவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம். பாட்டு, ஓவியம், நாடகம், கிராமிய நடனம், பறை எல்லாம் உண்டு.

இதில் ஒரு தலைகீழ் மாற்றம் நேர்ந்திருக்கிறது. ஒயிலாட்டமும் பறையும் சொல்லித்தரப் பட்டதாரி ஆசிரியர்களாகிய நமக்குத் தெரியாதே! ஆகவே ஊரில் தெரிந்தவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. ஒரு கிராமத்துப் பள்ளி முற்றத்தில், அறுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "பள்ளிக்கூடத்துக்குள்ளே நான் மூணாம் வகுப்போடு சரி, சார். இப்போதான் மறுபடி கூப்பிட்டிருக்காங்க" என்றார். கையெழுத்துப் போடத் தயங்கும் அவர் கை, தாளம் போடும்போது தயங்கவேயில்லை.

அவர் சொன்னதைக் கேட்டபோது நமக்கு இடைசெவல் நினைவு வந்தது. கோவில்பட்டிக்குத் தெற்கே உள்ள அந்தச் சிறு கிராமம் சாகித்திய அகாடமிப் பரிசு பெற்ற எழுத்தாளர் இருவரைத் தந்தது. ஒருவர் மேலே சொன்ன அழகிரிசாமி, மற்றவர் கி. ராஜநாராயணன். பள்ளிப் படிப்பை முடிக்காத கி. ரா.வைப் புதுவைப் பல்கலைக் கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்துக் கொண்டது. பாட்டிமார் கதையும் பேச்சுமே அவர் படித்த பாடம். ஊருக்குள் இருக்கும் கல்வியைப் பள்ளிக்கூடம் வாசலில் நிறுத்தி வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மறுபடி பறிபோகலாமா?

இவ்வளவு நன்மைகளையும் கண்ட பிறகு மனத்தில் ஒரு கவலையும் ஏறிக்கொண்டது. தீப்பெட்டி வண்டியிடமிருந்து மீட்ட மாலைப்பொழுதை இன்று வேறொன்று கேட்கிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் விடியற்காலையில் தனி வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு, அதற்குமேல் டியூஷன். கால அட்டவணையில் விளையாட்டுக்கென்று இருக்கும் பாடவேளையைக் கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் கடன் கேட்கிற வழக்கம் நாடெங்கும் உண்டு. அந்தக் கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

கிராமங்களில் இன்னொரு கஷ்டம். வசதியுள்ளவர்கள் பிள்ளைகளைத் தூரத்து ஊர்களுக்கு வேனில் அனுப்பி விடுகிறார்கள். ஹாக்கிக்குப் பதினொரு பேர் சேராத பள்ளிக்கூடங்களும் உண்டு. ஓரிடத்தில் அக்கம்பக்கத்து இரண்டு ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து ஒரே அணியாக ஆடுவதைக் கண்டோம். அதில் நாலு பேர் பெண் குழந்தைகள். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் ஒரே வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் தொகை குறைந்தும் ஆட்டம் நிற்கவில்லை.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். ஆகவே, "நமக்கு என்ன அதிகாரம்?" என்று எந்தத் தாயும் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிக் கேளுங்கள். கட்டாயம் கேட்க வேண்டியதுதான். அதோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "இந்த வாரம் எங்கள் பிள்ளைகள் எத்தனை நாள் விளையாடினார்கள்? எந்த மேடையில் ஏறினார்கள்?"

நேயர்கள் யாராவது அந்தப் பக்கம் போக நேர்ந்தால், கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு உடனே அடுத்த வண்டியைப் பிடித்து விடாதீர்கள். சாயங்காலம் நாலரை மணிக்கு ஏதாவது ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் ஓரமாகப் போய் நில்லுங்கள். ஒரு குழந்தை அடித்த பந்து உங்கள் காலடிக்கு வரும். அதை எடுத்துத் திருப்பிப் போடுங்கள். முன்பின் தெரியாதவர்தானே என்று யாரும் உங்களை ஒதுக்கமாட்டார்கள். "தேங்ஸ், மாமா!" என்று ஒரு குரல் கேட்கும், அதற்குள் ஆட்டம் மறுபடி தொடங்கியிருக்கும்.